ஐஸ் பெட்டிக்கு இடம் இருந்தது

இந்தப் பையை உங்க காலுக்குப் பக்கத்தில் தள்ளிக்கட்டுமா அக்கா? கனமில்லை. தேங்காய், பழம், பாப்பாவுக்கு ஒரு பட்டுப் பாவாடை, அவ்வளவுதான். இவளுக்குத்தான் இன்னைக்குக் காது குத்து. ஆமாம், இவளுக்கேதான். காது குத்திக்கப் போற பிள்ளை பஸ்ஸில் வருது. பெத்த அப்பன் விடியறதுக்குள்ளே வேனில் போயிட்டார். வேனில் எங்களுக்கு இடமில்லை. ஐஸ் பெட்டிக்கு இடம் இருந்தது. ரெண்டு ஐஸ் பெட்டி.

நான் யார்கிட்டயும் இப்படிப் பேசுறவ இல்லை. எங்க தெருவில் கேட்டுப் பாருங்க, பூபதி சம்சாரத்துக்கு வாய் இருக்கான்னே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆறாவதோட நின்னவ, எனக்கு என்ன பேசத் தெரியும்? ஆனா நீங்க மேட்டூர் வரைக்கும் போறீங்க, நான் கல்லுத்துறையில் இறங்கிடுவேன். அப்புறம் நீங்க யாரோ நான் யாரோ. அதனால் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் தறி ஓட்டுறார். திருச்செங்கோட்டுப் பக்கம், விசைத்தறிப் பட்டறை. அவரும் அவர் கூட்டாளிங்க நாலு பேரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போகணும்னு பங்குனியில் பேச ஆரம்பிச்சாங்க. இப்போ புரட்டாசி. இன்னைக்குத்தான் போயிருக்காங்க. ஒரு பிள்ளை வயித்தில் தங்கி வெளியே வர்ற காலத்தில் முக்கால்வாசி, ஒரு மீனுக்காகப் பேசியே தீர்த்தாங்க.

அதுவும் சாதா மீன் கிடையாதாம். சேல்கெண்டை. பார்த்திருப்பீங்க, செதில் தேய்ச்சு வச்ச பித்தளை மாதிரி மினுக்கும், வாயோரம் மீசை தொங்கும். ஓடுற தண்ணியில், பாறைக்கு நடுவில் கிடக்கும். ஜிலேபி மீனைப் பிடிச்சா இவங்களுக்குக் கௌரவக் குறைச்சல். மார்க்கெட்டில் ஜிலேபி வாங்கி வந்தாலே முகத்தைச் சுளிக்கிற அளவுக்கு ஆயிட்டாங்க, இன்னும் ஒரு புழுகூடப் பிடிக்காத ஆளுங்க.

இவங்களுக்கு ஒரு தலைவர். மெய்யழகன்னு பேர். செல்போன் கடை வச்சிருக்கார். அவரும் பிடிச்சதில்லை. வெள்ளைக்காரன் பிடிக்கிறதைப் போனில் பார்த்திருக்கார். அது போதும்னு அவரைத் தலைவராக்கிட்டாங்க. வாட்ஸப்பில் ஒரு குரூப். அதுக்கு 'மீசைக்கெண்டை பாய்ஸ்'னு பேர். பாய்ஸாம். அதில் ரெண்டு பேருக்குத் தலை வழுக்கை.

கூட்டம் எங்க வீட்டில்தான் நடக்கும். ஏன்னா டீ நான்தான் சலிக்காம போடுறேன். போடுறேன்னா, வேண்டாம்னு சொல்லத் தெரியலை, அதனால் போடுறேன். சமையல்கட்டில் இருந்தபடியே எல்லாம் காதில் விழும்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"பக்கெட் பிரியாணி சொல்லிரலாமுங்க."

"மீன் புடிக்கத்தானே போறோம்? மீனைச் சுட்டுத் திங்கலாமில்ல?"

"மாட்டலீன்னா?"

"தலைவரே, நீங்களே இப்படிப் பேசலாமுங்களா?"

"மாட்டும். அதெல்லாம் மாட்டும். மாட்டலீன்னா?"

இதை மட்டும் ரெண்டு வாரம் பேசினாங்க.

அப்புறம் பனியன். எல்லாரும் ஒரே நிறத்தில், முன்னாடி மீன் படம் போட்டு அடிக்கணும்னு முடிவாச்சு. ஆரஞ்சு நிறம். அடிச்சு வந்ததைத் துவைக்கப் போட்டப்போ பார்த்தேன், அது கெண்டையே இல்லை. கடல் மீன். வஞ்சிரமோ என்னவோ. மீசையும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் சொல்லலை. பெருமையா மாட்டிக்கிட்டுத் தெருவில் நடக்கட்டும்னு விட்டுட்டேன்.

மொட்டை மாடியில் தூண்டில் வீசப் பழகினதைச் சொல்லணும் உங்ககிட்ட. ரீல் வச்ச தூண்டில், கூரியரில் வந்தது.

"மணிக்கட்டுத் திரும்போணும் பூபதி. இப்படி."

"இப்படிங்களா?"

"அது துணி காயப் போடற மாதிரி இருக்குது."

அடுத்த வீச்சில் கொக்கி போய்ப் பக்கத்து வீட்டு சொர்ணா அக்காவோட நைட்டியில் மாட்டிக்கிச்சு. இவர் மீன் மாட்டின மாதிரியே சுத்துறார். கொடியோட இழுபடுது. அந்த அக்கா மேலே வந்து நின்னு, "ஏனுங், கெண்டையெல்லாம் எங்க மாடியிலயா மேயுது?"ன்னு கேட்டுச்சு. அஞ்சு ஆம்பளைங்களும் வானத்தைப் பார்த்துட்டு நின்னாங்க.

எந்த நாளைக்குப் போறதுன்னு பேச ஆரம்பிச்சா அது தனிக் கூத்து. தறி ஓட்டுறவங்களுக்கு லீவு சாமானியமா அமையாது. ஒருத்தனுக்குப் பகல் ஷிப்ட், ஒருத்தனுக்கு ராத்திரி. மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புன்னு கரண்ட்டை நிறுத்துவாங்க பாருங்க, அன்னைக்குத்தான் எல்லாத் தறியும் ஒண்ணா நிக்கும். அதனால் எங்க ஊர்ப் பக்கம் கல்யாணம் காட்சி தவிர மத்த எல்லாமே பவர் கட் நாளில்தான். அந்த நாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பாங்க. ஒரு மாசம் ஒருத்தன் மச்சினிச்சிக்கு வளைகாப்பு. ஒரு மாசம் மழை. ஒரு மாசம் கரண்ட்டே நிறுத்தலை. அன்னைக்குக் கரண்ட்டு ஆபீஸைத் திட்டின திட்டு இருக்கே. கரண்ட் போகலைன்னு திட்டின ஆளுங்களை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

இதெல்லாம் எனக்கு எதுக்குன்னு நீங்க கேட்கலாம். எப்படியோ போய்த் தொலையட்டும்னு விட்டிருப்பேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். இவ காது குத்தும்போது என் அண்ணன் மடியில் உட்காரணும்.

எனக்கு அப்பா அம்மா இல்லை அக்கா. அண்ணன்தான் கட்டிக் கொடுத்தான். மாதேசன்னு பேர், கல்லுத்துறையில் பரிசல் வச்சிருக்கான், மீன் பிடிச்சு ரோட்டோரம் விக்கிறான். தலைத்தீபாவளிக்கு எங்களைக் கூப்பிட்டு, ஆத்து மீன் எடுத்து வந்து குழம்பு வச்சாங்க. எங்க வீட்டுக்காரருக்கு முள் தொண்டையில் மாட்டிக்கிச்சு. வாழைப்பழம் கொடுத்தாங்க, வெறும் சோத்தை உருட்டிக் கொடுத்தாங்க. மனுசனுக்குக் கண்ணு பிதுங்கிருச்சு. என் அண்ணன் சிரிச்சுட்டான். "மாப்ளைக்கு மீன் திங்கத் தெரியலையே"ன்னான். அவ்வளவுதான். முள் இறங்கிருச்சு, கோபம் இறங்கலை. அன்னைக்கோட பேச்சு நின்னது. என்னைப் பிரசவத்துக்குக்கூட அனுப்பலை. இவ பிறந்தப்போ, இவர் ஷிப்ட்டில் இருக்கிற நேரமாப் பார்த்து அண்ணன் வந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போனான், ஏதோ திருட வந்தவன் மாதிரி.

ஒரு முள்ளுக்காக. ரெண்டு பேரும் ஆம்பளைங்களாம்.

இவளுக்கு இப்போ மூணாவது வயசு நடக்குது. ஐப்பசி வந்தா நாலு பிறந்துரும். ரெட்டைப்படையில் குத்தக் கூடாதுன்னு எங்க மாமியார் சொல்லிட்டாங்க. "உங்கண்ணன் வரமாட்டான். தூரத்துச் சொந்தத்துல மாமன் முறைக்கு எவனாச்சும் ஒருத்தனப் புடிச்சு மடியில வெச்சுக் குத்திப் போடலாம். காது மாமனைக் கேக்குதா?"ன்னாங்க. நான் அப்போ மிளகாய் அரைச்சுட்டிருந்தேன். கொஞ்சம் ஜாஸ்தியாவே அரைச்சேன்.

அப்போதான் என் அண்ணி போனில் ஒரு போட்டோ அனுப்பினா. அண்ணன் பரிசல் மேல் உட்கார்ந்து ஒரு சேல்கெண்டையை ரெண்டு கையில் பிடிச்சுட்டு இருக்கான், பிள்ளையைத் தூக்கின மாதிரி. அத்தனை பெரிய மீனை நானே அதுவரைக்கும் பார்த்ததில்லை. அன்னைக்குச் சாயங்காலம் கூட்டம். நான் போனை டிவிக்குப் பக்கத்தில் வச்சேன். போட்டோ திறந்தபடியே இருந்துச்சு. சார்ஜ் போடத்தான் வச்சேன். ஒயர் மாட்ட மறந்துட்டேன், அவ்வளவுதான்.

மெய்யழகன் டீ டம்ளரை வைக்கப் போனவர் அப்படியே நின்னுட்டார்.

"பூபதி, இது யாரு?"

"எவனோ."

"எவனோவா? தங்கச்சி, இது யாரும்மா?"

நான் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டேன். என்னால் அத்தனை பேர் முன்னாடி பேச முடியாது. எங்க வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு. "எம் மச்சான்"ன்னார். எவ்வளவு வருசத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை வாயில் வருது. மெய்யழகன் அவரை ஒரு துரோகியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அஞ்சு மாசமா எடம் தேடறோம். மச்சான் பரிசல் வெச்சிருக்கறாரு, இதையும் மறைச்சிருக்கற."

அதுக்கப்புறம் விடுவாங்களா? அன்னைக்கே போன் போட வச்சாங்க. நான் உள்ளே சப்பாத்திக்கு மாவு தேய்ச்சுட்டிருக்கேன், கை நின்னு போச்சு. என்ன பேசப் போறாரோ, மன்னிப்புக் கேட்பாரோ, அண்ணன் போனை வச்சுருவானோன்னு கதவோரம் வந்து காதை வச்சேன். இவர் பேசினதைக் கேளுங்க.

"அலோ. நான் பூபதி பேசறனுங்க மச்சான்."

"தங்கச்சிக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?"ன்னு அண்ணன் பதறுறான்.

"இல்லீங்க, அவ நல்லாத்தான் இருக்கறா. அது வந்துங்க, கெண்டைக்கு ராகி மாவு உருட்டறப்போ பெருங்காயம் போடோணுமுங்களா?"

ஸ்பீக்கரில் அண்ணன் குரல் வந்துச்சு. "பெருங்காயமா? மீனு என்ன ரசமா வெக்கப் போகுது? பூண்டு தட்டிப் போடுங்க மாப்ளே."

முடிஞ்சது. அவ்வளவுதான் சமாதானம். நான் கோயில் கோயிலா வேண்டிக்கிட்டேன், விளக்குப் போட்டேன். பூண்டுல முடிஞ்சுருச்சு. அப்புறம் வேகற பக்குவம், உருண்டை அளவு, தண்ணி கலங்கியிருக்கா தெளிஞ்சிருக்கான்னு அவங்க பேசினது, நான் எல்லாச் சப்பாத்தியையும் சுட்டு அடுக்குற வரைக்கும் நிக்கலை. கடைசியில் அண்ணன் சொன்னான், "வர்றது வர்றீங்க, அப்படியே பாப்பாளுக்குக் காதும் குத்திப் போடலாம் மாப்ளே. எம் மடி சும்மாதானே கெடக்குது." எனக்குக் கண்ணில் தண்ணி வந்துருச்சு. புகைதான். கேஸ் அடுப்புதான், இருந்தாலும் சில நேரம் புகையும்.

அண்ணனையும் குரூப்பில் சேர்த்துட்டாங்க. ஒரே வாரத்தில் அட்மின் ஆயிட்டான். காலையில் ஆத்துத் தண்ணியைப் போட்டோ எடுத்துப் போடுறான், இவங்க அஞ்சு பேரும் கைகூப்புறாங்க. எனக்கு ஒரு போன் இல்லை. "கண்ணு எப்படி இருக்கறே"ன்னு ஒரு வார்த்தை இல்லை. நான் போன் பண்ணினா, "இரு கண்ணு, மாப்ள லைன்ல வர்றாரு"ன்னு வச்சுடுறான். முன்னாடி பேசாம இருந்தப்போவாவது என் அண்ணனா இருந்தான்.

நாள் குறிச்சது யார் தெரியுமா? கரண்ட்டு ஆபீஸ்தான். புரட்டாசியில் பவர் கட் எந்தச் சனிக்கிழமையோ அதுதான் காது குத்து. கல்லுத்துறையில் குத்தப் போற கோயில் பூசாரியைக் கேட்டதுக்கு, காது குத்துக்குத் தோஷமில்லை, பத்தே முக்காலில் இருந்து பதினொண்ணே முக்கால் வரைக்கும் நல்ல நேரம்னார். குரூப்பில் அன்னைக்கு என்னென்ன செய்யறதுன்னு போட்டிருந்தாங்க. விடியக்காலம் தூண்டில், அப்புறம் டிபன், அப்புறம் தூண்டில், நடுவில் காது குத்து, மறுபடியும் தூண்டில். என் பிள்ளை காது, டிபனுக்கும் தூண்டிலுக்கும் நடுவில்.

இப்போ நீங்க கவனிச்சீங்களா அக்கா, நான் என்ன சொன்னேன்னு? புரட்டாசி. சனிக்கிழமை. எங்க வீட்டில் முட்டையைக்கூட உள்ளே விட மாட்டாங்க. அந்த அஞ்சு வீட்டிலும் அப்படித்தான். இத்தனை மாசம் கூடிக் கூடிப் பேசினாங்களே, மாவு பேசினாங்க, பனியன் பேசினாங்க, மீன் திங்க முடியாத நாளில் மீன் பிடிக்கப் போறோம்னு ஒருத்தனுக்கும் உறைக்கலை. எனக்குக் காலண்டரைப் பார்த்த அன்னைக்கே தெரியும். நான் எதுக்குச் சொல்லணும்? என்னைக் கேட்டாங்களா? சொன்னா ஐப்பசிக்குத் தள்ளிப் போடுவாங்க, அப்புறம் இவளுக்கு எவன் மடி? நான் பேசாம டீ போட்டேன்.

போன வாரம் மாமியார்தான் போட்டு உடைச்சாங்க. "ஏண்டா, அன்னைக்குப் புரட்டாசிச் சனிக்கெழமையில்ல?"

அஞ்சு பேரும் எந்திரிச்சுப் போய்க் காலண்டரைப் பார்த்தாங்க. மெய்யழகன்தான் முதல்ல தேறினார்.

"அதனால என்ன? வெளிநாட்டுல புடிச்சு, போட்டா எடுத்து, முத்தம் குடுத்துட்டு ஆத்துலயே விட்ருவாங்க. நாமளும் விட்ருவோம்."

"அப்ப ஐஸ் பெட்டி எதுக்குங்க தலைவரே?"

"அது வேணும். ஐஸ்ல வெச்சா மாசம் முடியற வரைக்கும் தாங்குமில்ல?"

"விடறமா, வெச்சுக்கறமா?"

"ரெண்டும்தான். சின்னதை விட்ருவோம், பெருசை வெச்சுக்குவோம்."

அதுக்கு எல்லாரும் தலையாட்டினாங்க. ஒரு பெட்டி பத்தாதுன்னு ரெண்டாவது பெட்டிக்குச் சொன்னாங்க. நம்புவீங்களா?

இன்னைக்கு விடியக்காலையில் வேன் வந்து நிக்குது. நான் மாவு வேகவச்சு, பூண்டு தட்டி உருட்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். பாப்பாவைக் குளிப்பாட்டி, பொட்டு வச்சுத் தூக்கிட்டு வெளியே வந்தா, வேனுக்குள்ளே ஆள் உட்காரவே சிரமப்படுது. மடக்கு நாற்காலி, அடுப்பு, பாட்டுப் பெட்டி, தூண்டில் குச்சிங்க, ஐஸ் பெட்டி, ஐஸ் பெட்டி. மாமியார் முழங்கால் வலின்னு முந்தின நாளே கழண்டுக்கிட்டாங்க, கெட்டிக்காரி. எங்க வீட்டுக்காரர் பெட்டியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"பாப்பாளுக்கு ஏசி ஒத்துக்காது. நீ பஸ்ஸுல வந்துரு சாமி."

"சன்னல் காத்துக் கொழந்தைக்கு நல்லதும்மா தங்கச்சி"ங்கிறார் மெய்யழகன், ஏதோ டாக்டர் மாதிரி.

"சரிங்க"ன்னேன். ஆனா எப்படிச் சொன்னேன்னா, அந்தச் 'சரிங்க'விலேயே அவருக்குச் சுருக்குன்னு தைச்சிருக்கும்.

இது அம்மாப்பேட்டையா? கூட்டம் ஏறுது பாருங்க. பாப்பா, காலை மடக்கி உட்காரு, அத்தை மேல படுது. அக்கா, அதோ மஞ்சள் பையோட முன்னாடி ஏறுறாரே, கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கிறாரே, அவர்தான் ஆசாரி. கல்லுத்துறைப் பிள்ளைங்க எல்லாருக்கும் அவர்தான் குத்துவார், எனக்கும் அவர்தான் குத்தினார். இல்லை, கூப்பிட வேண்டாம். கோயிலில் பார்த்துக்கலாம். எனக்குக் கூச்சமா இருக்கு.

போன் அடிக்குது. அண்ணன்தான். ஒரு நிமிசம் அக்கா. இந்தப் போனில் காதில் வச்சா ஒண்ணும் கேட்காது, ஸ்பீக்கரில் போடுறேன், தப்பா நினைக்காதீங்க.

"கண்ணு, எங்க வர்றே?"

"அம்மாப்பேட்டைண்ணா."

"நீ நேராக் கோயிலுக்குப் போயி உக்காரு. இங்க பெருசு ஒண்ணு மூணு தடவ இழுத்துப் பாத்துட்டுப் போயிருச்சு. மாப்ள எந்திரிக்க மாட்டீங்கறாரு, நானும் உட்டுட்டு வர முடியாது. நேரம் முடியறதுக்குள்ள வந்தர்றோம்."

"சரிண்ணா."

"அப்படி வரலீன்னா நம்ம ரங்கண்ணன் கோயில்லதான் இருப்பாரு. அவரு மடியில உக்கார வெச்சு ஆசாரியக் குத்தச் சொல்லிப் போடு. ஊருல எல்லாரும் மாமன்தானே கண்ணு."

"சரிண்ணா."

"கோவமா?"

"இல்லண்ணா."

வச்சுட்டான். கேட்டீங்களா அக்கா? நல்லாக் கேட்டேனில்ல? விட்டேனா பாருங்க. அந்த 'இல்லண்ணா'வில் அவனுக்குப் புரிஞ்சிருக்கும். புரிஞ்சிருக்காதுங்கிறீங்களா?

ரங்கண்ணனாம். அந்த ஆளுக்கு வருசம் பூரா மூக்கொழுகிட்டே இருக்கும். என் பிள்ளை அந்த மடியில் உட்காரணுமா? நாலு வருசம் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது ரங்கண்ணன் மடிக்கா?

அதோ ஆறு வந்துருச்சு. வலது பக்கம் பாருங்க, புளியமரம் தாண்டி, பாறை மேல ஆரஞ்சு ஆரஞ்சாத் தெரியுதில்ல? அவங்கதான். ஒண்ணு, ரெண்டு, ஆறு பேர் இருக்காங்க. பரிசலில் உட்கார்ந்திருக்கிறவன் என் அண்ணன். அவனுக்கும் பனியன் கொடுத்திருக்காங்க, கடல் மீன் போட்டது. அவனுக்காவது அது கெண்டை இல்லைன்னு தெரிய வேண்டாமா? மாட்டிட்டு உட்கார்ந்திருக்கான்.

அக்கா, ஒரு உதவி பண்றீங்களா? பையை எடுத்துக்கிறேன். பாப்பா, எந்திரி. கல்லுத்துறை இன்னும் தள்ளி இருக்கு, இங்கே பஸ் நிக்காது, கேட்டா நிறுத்துவாங்க. கண்டக்டரை நிறுத்தச் சொல்லுங்க. ஆசாரியையும் இங்கேயே இறங்கச் சொல்லுங்க. காது குத்து ஆத்துலதான், பரிசலில், மாமன் அங்கேதான் உட்கார்ந்திருக்கான், அவன் எந்திரிக்க வேண்டாம், தூண்டிலைக்கூட வைக்க வேண்டாம், மடி மட்டும் இருந்தா போதும்னு சொல்லுங்க.

நீங்களே கொஞ்சம் கத்திச் சொல்லிடுங்க அக்கா. எனக்கு அவ்வளவு சத்தம் வராது.